கால்மாட்டில் ஒரு ஆள்

நைனா, நீ நல்லா இருக்கியா? உன் பொஞ்சாதியும் குழந்தையும் நல்லா இருக்காங்களா? இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று போடட்டுமா என்று லூர்து கேட்டாள். அதெல்லாம் வேண்டாம், இருக்கேன்னு மட்டும் போடு என்றேன். எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குப் புதுசு இல்லை. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு லூர்துதான் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் சார்ஜாவில் உட்கார்ந்து படிக்கிறவனுக்குப் பேஜாராக இருக்கும் என்று அவளாகவே பாதியைத் திருத்திவிடுகிறாள். திருத்தாமல் தப்பித்து வருகிறதெல்லாம் நான்.

உன்னை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என் அப்பன் பேரை உனக்கு வைத்தோம். மாமனார் பேரை எப்படி வாயால் சொல்வது என்று உங்கம்மா உன்னை நைனா என்றாள். அப்பன் பேரைச் சொல்லி எப்படி அதட்டுவது என்று நானும் நைனா என்றேன். தெருவே உன்னை நைனா என்றுதான் கூப்பிட்டது, நீயும் என்னை நைனா என்றுதான் கூப்பிட்டாய். போன மாசம் பெரியாஸ்பத்திரியில்தான் முதல் தடவையாக உன் பேரை வாய்விட்டுச் சொன்னேன். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

கால் மரத்துப்போனதைப் பற்றி உனக்கு நான் சொல்லவில்லை. முதுகு வலி, அறுக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். முதுகு வலி யாருக்குத்தான் இல்லை, ஹார்பரில் கிடந்தவனுக்கு அது கூடப் பிறந்த மாதிரி. ஆனால் ஒருநாள் கடற்கரை ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தன. அதுகளுக்கு நடுவில் புகுந்து வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் லூர்து நின்று பார்த்துவிட்டு, "இன்னா தாத்தா, ஒத்தக் கால்ல செருப்பு போட்டுக்கினு வர, புது ஸ்டைலா?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெயிலில் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், சுட்டதுகூடத் தெரியவில்லை. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து கால் கழுவினபோது பாதம் கொப்பளித்துக் கிடந்தது. அந்தக் கால் யாருடையதோ போல இருந்தது. அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

டாக்டர் நல்ல மனுஷன்தான், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எலும்பு வளர்ந்து நரம்பை நசுக்குகிறதாம். அறுத்து எலும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுக்க வேண்டுமாம். "செஞ்சா நடக்கலாம், நடக்காமலும் போகலாம். செய்யாம விட்டா நடக்க முடியாது. அதுக்கப்புறம் ஒண்ணுக்கு ரெண்டுக்குக்கூட கட்டுப்பாடு இருக்காது," என்றார். இதில் நான் எதை எடுப்பது? உங்கம்மா இருந்திருந்தால் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டிருப்பாள். நான் சரி, அறுங்கன்னு சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காயிதம் கடல் தாண்டி உன் கைக்கு வரும்போது அறுத்து முடித்துத் தைத்தும் இருப்பார்கள். நடக்கிறேனா இல்லையா என்பது எனக்குத் தெரிந்திருக்கும், உனக்குத் தெரிந்திருக்காது.

அப்போது அங்கே இருந்த சிஸ்டரம்மா கேட்டாள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. யாரும் இல்லை என்றேன். "தனியாவா? தாத்தா, இது முதுகு ஆபரேசன், பல்லு புடுங்குறது இல்ல. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, உடம்பை முறுக்கக்கூடாது. கூட ஆள் இல்லாம பெட் குடுக்க மாட்டாங்க. யார் பேரைப் போடறது?" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நிற்கிறது. அங்கேதான் உன் பேரைச் சொன்னேன். மகன் வருகிறான் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதும்போது என் அப்பன் பேரையா உன் பேரையா, யார் பேரைச் சொன்னேன் என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரெண்டு பேரும் வரப்போவதில்லை. நீ வராததற்குக் கோபம் இல்லை. லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று நீ சொன்னது நிஜமாகத்தான் இருக்கும். கப்பல் பட்டறைக்காரன் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். வார்டில் ஒரு ஆயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எப்படியோ ஓடிவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை.

அதனால் வீட்டைத் தயார் பண்ணினேன். இதை நீ கவனமாகப் படி, அவசரப்படாதே. நீ பார்த்துவிட்டுப் போன வீடு இல்லை இது. நீ போகும்போது நாம் எல்லோரும் பாயில் படுத்தோம். உங்கம்மா கடைசிவரை பாயில்தான் கிடந்தாள். இப்போது ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில் இருக்கிறது. பழைய சாமான் கடையில் வாங்கிய இரும்புக் கட்டில், தலைமாடு தெற்கே. உட்கார்ந்தால் முட்டி மடங்கிக் கால் முழுசாகத் தரையில் பதிய வேண்டுமாம். அதற்காக நாலு காலுக்கும் செங்கல் கொடுத்து உயர்த்தினேன். மெத்தை அமுங்கக்கூடாது என்று பலகைமேல் மெல்லிசாக ஒரு பஞ்சு மெத்தை. தரையில் கிடந்ததையெல்லாம் மேலே ஏற்றியாகிவிட்டது. ஸ்டவ் மேஜைமேல். அரிசியும் உப்பும் மிளகாய்த்தூளும் இடுப்புக்கு மேலே, மாருக்குக் கீழே, கை நீட்டினால் எட்டுகிற பலகையில். குனிந்து எடுக்கிற மாதிரியும் எக்கி எடுக்கிற மாதிரியும் இந்த வீட்டில் இனி எதுவும் இல்லை. உங்கம்மா தாளிப்புச் சாமானை வைத்துக்கொண்டிருந்த அந்த மூலை இப்போது காலியாக இருக்கிறது. பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

அடிபம்பிலிருந்து குடம் தூக்க முடியாது. லூர்து காலையில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஓடுவதற்கு முன்னால் சின்னச் சின்ன பாட்டில்களில் பிடித்து மேஜையில் அடுக்கிவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறாள். அவள் வீட்டில் மாமியார் படுக்கையில் கிடக்கிறாள், அதற்கு மேல் அவளிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கீழே விழுந்த துணியை எடுக்க நான் ஒரு சாமான் செய்திருக்கிறேன். மூட்டை தூக்கின காலத்துக் கைக்கொக்கி பரண்மேல் கிடந்தது, அதை ஒரு மூங்கிலில் வைத்துக் கட்டினேன். துண்டு, லுங்கி, செருப்பு எல்லாம் குனியாமல் வருகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவில் ஓட்டை போட்டு, கீழே பக்கெட் வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எதற்கென்று உனக்குப் புரியும். தரையில் கிடந்த கோணிச்சாக்கு, பாய், வயர் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, கால் தடுக்கக்கூடாது. ஆனால் ஹார்பரிலிருந்து கரித்தூள் பறந்து வருவதை யார் எடுப்பது? காலையில் பெருக்கினால் சாயங்காலம் மறுபடி கருப்பாகக் கிடக்கிறது, வழுக்குகிறது. துடைப்பத்துக்கு நீளமாக ஒரு கழி மாட்டியிருக்கிறேன்.

வாசப்படிதான் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஒரு மழைக்குத் தெருத்தண்ணி உள்ளே புகுந்து உன் புஸ்தகமெல்லாம் மிதந்ததே, அதற்கப்புறம் உங்கம்மா ஆளை வைத்து முட்டி உயரத்துக்குக் கட்டிய படி அது. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசுவாள். அறுத்த பிறகு பிடித்து நடக்கக் கொடுக்கிற வாக்கரை வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது. கொத்தனார் வந்து, "உடைச்சுடட்டுமா?" என்றான். உடைத்தால் தண்ணி உள்ளே வரும், உடைக்காவிட்டால் நான் வெளியே போக முடியாது. உடை என்றேன். வாக்கர் போகிற அளவுக்கு மட்டும் உடைத்துச் சரிவாகப் பூசியிருக்கிறான். "ஐப்பசி வருது தாத்தா, தண்ணி பூந்துச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்று லூர்து கேட்டாள். கட்டிலுக்குக் கீழேதான் செங்கல் இருக்கிறதே, அந்த உயரம் வரைக்கும் வந்தால் படுத்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன் என்றேன். நீ வீடு கட்டினால் படியைத் தாழ்வாக வை, தண்ணி வராத இடமாகப் பார்த்து வை. ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் நம்ம பக்கம் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு எனக்கே ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையில்தான் கயிறு கட்டினேன். கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில், நம்ம ஹார்பர் கயிறு, கைப்பிடிக்கு முனையில் ஒரு இரும்பு வளையம். எவ்வளவோ பாரத்தைக் கயிற்றில் தூக்கிப் பார்த்தவன், என் உடம்பைத் தூக்க மாட்டேனா? வளையத்தைப் பிடித்து இழுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடலாம், யார் தயவும் வேண்டாம். ஸ்டூல் மேல் ஏறிக் கட்டினேன். அதற்கப்புறம் கால் இன்னும் மோசமானது. இப்போது ஸ்டூலில் ஏற முடிவதில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸர்சைஸ் சொல்லித் தருகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள், சின்னப் பெண்தான். வீட்டில் என்னென்ன பண்ணியிருக்கீங்க என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். கட்டிலுக்கு நல்லது என்றாள், ஓட்டை நாற்காலிக்கு நல்லது என்றாள், கொக்கிக்குச் சிரித்துவிட்டாள். கடைசியில் கயிற்றைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அய்யோ தாத்தா, அதைத் தொடவே தொடாதீங்க. கையால இழுத்து எழுந்தா தையல் போட்ட இடம் முறுக்கிக்கும். எல்லாம் வீணாப் போயிடும்," என்றாள். பிறகு எப்படி எழுந்திருப்பது என்றேன். "மரக்கட்டை மாதிரி உருளணும். தோளும் இடுப்பும் முட்டியும் ஒண்ணாத் திரும்பணும். ஒருக்களிச்சு வந்ததும் காலை ரெண்டையும் கட்டிலுக்கு வெளிய மெதுவா எறக்கணும். கால் எறங்கும்போதே கையை ஊன்றி உடம்பைத் தள்ளினா எழுந்துடலாம்," என்றாள்.

"கட்டையா? நீ கட்டையைப் பாத்துக்கீறியாம்மா?" என்றேன். "படத்துல பாத்திருக்கேன்," என்றாள். பாவம், நல்ல பெண். அவளிடம் இதைச் சொல்லவா முடியும். உன்னிடம் சொல்கிறேன். கப்பலில் கட்டை வந்த காலத்தில் நான் எத்தனை கட்டை உருட்டியிருப்பேன். ஆனை மாதிரி கிடக்கும். ஒருத்தன் தலைமாட்டில் கடப்பாரையைக் கொடுக்க வேண்டும், ஒருத்தன் கால்மாட்டில். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் நெம்பினால்தான் ஒழுங்காக உருளும். ஒருத்தன் மட்டும் நெம்பினால் ஒரு பக்கம் திரும்பும், இன்னொரு பக்கம் நிற்கும், கட்டை குறுக்கே புரண்டு யார் காலையாவது வாங்கும். கட்டை தானாக உருண்டு நான் பார்த்ததே இல்லை நைனா. ஒத்த ஆளாக வீட்டில் கிடக்கிறவனைக் கட்டை மாதிரி உருளு என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

அப்புறம் நான் சிக்னல்மேன் ஆனேன், அது உனக்கு நினைவிருக்கும். பாரம் தூக்கி இறக்குகிற வின்ச்சை ஓட்டுகிறவன் மேலே உட்கார்ந்திருப்பான், கப்பலின் வயிற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. நான்தான் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துச் சொல்வேன். ஆரியா என்றால் இறக்கு. நான் ஆரியா சொன்னால்தான் அவன் கை அசையும். கீழே நிற்கிறவன் உயிர் என் வாயில். அதனால் பாரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஆரியா சொல்லக்கூடாது. அது ஒன்றுதான் எங்கள் வேலையில் சட்டம், மற்றதெல்லாம் பழக்கம்.

நீ சின்னப் பையனாக இருக்கும்போது நான் வேலை முடிந்து வந்ததும் முதுகில் ஏறிக்கொள்வாய். நீ ஆரியா சொன்னால்தான் இறக்கிவிட வேண்டும். மெதுவாக, வின்ச்சு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இறக்குவேன். "அப்பனும் புள்ளையும் வூட்டுக்குள்ள கப்பல் வுடறாங்க பாரு, கைய காலைக் கழுவிக்கினு துன்றதுக்கு வழி கீதா," என்று உங்கம்மா திட்டுவாள். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு ஆரியா என்றாய். நான் உன்னை முதுகில் வைத்துக்கொண்டு பின்பக்கம் எப்படிப் பார்ப்பேன், நீ சொன்னாய் என்று இறக்கிவிட்டேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த கஞ்சிச் சட்டியில் உன் கால் போய்விட்டது. இன்னும் அந்தத் தழும்பு இருக்கும், பார். நீ அழுது முடித்த பிறகு நான் சொன்னது ஒன்றுதான், பார்த்துவிட்டுச் சொல்லு நைனா. அதற்கப்புறம் நீ தலையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாய். உங்கம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

இப்போது என் கதை அப்படி ஆகிவிட்டது. இந்த ஒரு வாரமாகக் கட்டிலில் உருண்டு பழகுகிறேன். தோள் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது. ஒருக்களித்துப் படுத்த பிறகு கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மரத்துப்போன கால், அது கட்டில் ஓரத்தில் இருக்கிறதா, நடுவில் கிடக்கிறதா, போர்வையில் மாட்டிக்கொண்டிருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் உடம்பு முறுக்கும், பார்க்கக்கூடாது. குருட்டு வின்ச்சுக்காரன் மாதிரி கிடக்கிறேன். ரெண்டு தடவை இறக்கினேன் என்று நினைத்தேன், கால் அங்கேயே கிடந்தது, உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்து கீழே போகப் பார்த்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். தையல் போட்ட முதுகோடு அப்படி ஆனால் டாக்டர் சொன்ன ரெண்டில் நடக்காமல் போகிறதுதான் மிஞ்சும்.

நேற்று லூர்துவைக் கூப்பிட்டுக் கால்மாட்டில் நிற்கச் சொன்னேன். கால் ஓரத்துக்கு வந்ததும் ஆரியான்னு சொல்லு என்றேன். "அது இன்னா தாத்தா கெட்ட வார்த்தையா?" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு, காய்காரியைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள். ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னாள். கால் இறங்கியது. உடம்பு எழுந்தது. செங்கல்மேல் நிற்கிற கட்டிலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் கை தட்டினாள். அப்புறம் மணியைப் பார்த்தாள், மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க ஓடிவிட்டாள். நாள் முழுக்க அவள் கம்பெனியில் இருப்பாள். அந்த நேரத்தில் யார் நிற்பது? ஒண்ணுக்கு வந்தால் அவள் வருகிறவரை அடக்கிக்கொண்டு கிடக்க முடியுமா? கூலிக்கு ஆள் வைத்துக்கொள் என்று நீ சொன்னாய். ஒருத்தியைக் கேட்டேன், ஆம்பளைக்கு அந்த வேலையெல்லாம் செய்ய மாட்டேன் என்றாள். ஒருத்தன் வந்தான், வரும்போதே குடித்திருந்தான். கயிறு இன்னும் மேலே தொங்குகிறது. முடிச்சு இறுகிவிட்டது, லூர்துவுக்கு அவிழ்க்க வரவில்லை. கொக்கிக் கழியால் வளையத்தை இழுத்து ஜன்னலின் உச்சிக் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறாள், கைக்கு எட்டாமல். தூக்கக் கலக்கத்தில் கை தானாக மேலே போகிறது. வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறேன்.

நீ வெள்ளிக்கிழமை லூர்து வீட்டுக்குப் போன் பண்ணும்போதெல்லாம், "ஒண்ணும் ஆவாது நைனா, தெகிரியமா இரு," என்கிறாய். நீ நல்லதுக்குத்தான் சொல்கிறாய். ஆனால் நீ எதையும் பார்க்காமல் சொல்கிறாய். கண்ணை மூடிக்கொண்டு ஆரியா சொன்ன அதே பையன்தான். எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை, உன்னிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது. கால் வராது என்றுதான் என் மனசு சொல்கிறது. வந்தாலும் தனியாக எத்தனை நாளைக்கு. இருந்தாலும் இவ்வளவு நீளமாக வீட்டைப் பற்றி ஏன் சொன்னேன் தெரியுமா? கட்டில் ஜன்னலோரம், தலைமாடு தெற்கே, இடது பக்கம் ஓட்டை நாற்காலி, அதை ஒட்டி மேஜையில் தண்ணி, வாசலில் சரிவு. இதை ரெண்டு தடவை படி. படித்தால் வீடு உன் கண்ணுக்குத் தெரியும்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ போன் பண்ணும்போது தெகிரியம் சொல்லாதே. கால் எங்கே இருக்கிறது என்று கேளு. போன் வயர் தெருவைத் தாண்டி என் கட்டிலுக்கு வராது, உன் குரல் எனக்குக் கேட்காது. லூர்து ஓடி வந்து பார்ப்பாள், ஓடிப் போய் உன்னிடம் சொல்வாள். நீ அங்கிருந்து ஆரியா சொல்வாய். அதைக் கேட்டுக்கொண்டு மறுபடி தெருவைத் தாண்டி வந்து, கால்மாட்டில் நின்று, வெட்கப்படாமல் அவள் சொல்வாள். அவ்வளவு நேரமும் நான் ஒருக்களித்துக் கிடப்பேன், அசைய மாட்டேன்.